திருமதி துய்ப்ளேயின் சொந்தப் பெயர்

இந்த மலருக்காகப் பழைய மாணவியரின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது என்று தீர்மானித்தபோது, அது ஒரு மாத வேலை என்றுதான் மலர்க்குழுவினராகிய நாம் நினைத்தோம். சேர்வு இடாப்புகள் பத்திரமாக இருக்கின்றன. பெயர்களைப் பார்த்து எழுதி, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்தால் முடிந்தது. முதல் இடாப்பைத் திறந்து அரைமணி நேரத்தில் அந்த நினைப்புப் போய்விட்டது. ஒரே வருடத்தில் எத்தனையோ லெட்சுமிகள். தகப்பனின் முதலெழுத்துத்தான் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தது. அந்த எழுத்தும் எழுதியவரின் காதுக்கேற்ப வருடத்துக்கு வருடம் மாறியிருந்தது. கல்யாணம் முடித்தவர்கள் தகப்பனின் எழுத்தை விட்டுவிட்டுக் கணவனின் எழுத்தைப் போட்டுக்கொண்டார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இந்தியா போனவர்களின் பெயர்கள் அங்கே வேறு எழுத்துக்கூட்டலில் பதியப்பட்டன. கலவானப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் இருப்பவர்களைத் தேடிப் போனாலோ, லயத்தில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். பையன்களின் பட்டியல் என்றால் இந்தச் சிக்கலில் பாதிகூட வராது. அவர்களுடைய பெயர் பிறந்த இடத்திலேயே நிற்கிறது.

இந்த நிலையில் பிரான்சில் வாழும் எம் சகோதரிகள் சிலர் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். அங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் ஒரு பெண்ணிடம் முதலில் கேட்பது பிறந்த குடும்பத்தின் பெயரைத்தான். கணவனின் பெயர் அதற்கு அடுத்த கட்டத்தில், விரும்பினால் எழுதுவது. எம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லாததால் தகப்பனின் பெயரே அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் மதாம் என்று சொல்லி அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார்களாம். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, இப்போது அப்பாவையே யாரோ கூப்பிடுவது போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

அந்தப் பேச்சிலிருந்துதான் இந்தக் கட்டுரைக்கான ஆள் கிடைத்தார். தமிழ் மண்ணில் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்து, பிரெஞ்சுக்காரரின் பதிவேட்டில் இடம்பிடித்த ஒரு பெண். பாடநூலில் டூப்ளே என்று நாம் படித்த புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி. பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய நாவல்களைப் படித்தவர்களுக்கு அவர் புதியவரல்லர். வாழ்ந்த ஐம்பது வருடங்களில் அவரைப் பல பெயர்களால் அழைத்திருக்கிறார்கள். அவற்றில் பதிவேடு விடாமல் வைத்திருந்தது ஒன்றைத்தான்.

ழான் அல்பேர் 1706ஆம் ஆண்டு புதுச்சேரியில் பிறந்தார். தகப்பனார் ழாக் தெயோதோர் அல்பேர், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் சத்திர வைத்தியர். தாயார் ரோசா தெ காஸ்த்ரோ, போர்த்துக்கேய இரத்தமும் இந்திய இரத்தமும் கலந்த குடும்பத்தவர். பிள்ளை பிறந்ததும் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து, தகப்பன் பெயர், தாயின் பெயர், ஞானப்பெற்றோரின் பெயர் எல்லாவற்றையும் பாதிரியார் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பார். புதுச்சேரியில் இப்படி எழுதப்பட்ட ஏடுகள் 1676 முதல் இருக்கின்றன. பிற்காலத்தில் அல்பிரட் மார்த்தினோ என்ற சரித்திர ஆசிரியர், அவரே ஒரு காலம் அங்கே ஆளுநராகவும் இருந்தவர், இவற்றின் சுருக்கத்தை அச்சிட்டார். இன்று பிரெஞ்சிந்தியாவின் குடிப்பதிவேடுகள் பலவற்றைப் பிரான்சின் எக்ஸ் நகரத்திலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் வழியாகப் பார்க்கலாம். மூன்று நூற்றாண்டுக்கு முன் பிறந்த ஒரு பெண்ணின் தாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. எமது முதல் இடாப்பில் இருக்கும் பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. அந்தக் கட்டமே இடாப்பில் இல்லை.

காஸ்த்ரோ என்ற பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயப் பெயர் இருப்பதால் ஒருவர் போர்த்துக்கேயரின் வழிவந்தவர் என்று ஆகாது. மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் முத்துக்குளிக்கும் கரையிலும் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஞானத்தகப்பனின் பெயரோ, அந்த நேரத்துப் பெரிய மனிதரின் பெயரோ சேர்ந்துகொள்ளும். எங்கள் நாட்டில் பெர்னாண்டோ, பெரேரா, சில்வா என்று கரையோரம் முழுக்க இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஆகவே பரம்பரை தேடுபவர்கள் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறிவிடும். எந்த ஊர்க் கோயிலில், யார் கையால், எந்த ஞானப்பெற்றோரின் முன்னிலையில் பெயர் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ழானின் தாய்வழியில் இந்திய இரத்தம் இருந்தது என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. பின்னாளில் அவருக்கு வேண்டாதவர்கள் அவரைத் தாழ்த்துவதற்கு எடுத்த கல்லும் அதுவே.

இதற்கு நேர்மாறான கதையொன்று நம் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1672இல் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஏ கப்பல்களோடு திருகோணமலைக்கு வந்தார். நான்க்ளார் தெ லானெரோல் என்பவரைக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனிடம் தூதனுப்பினார். தூதர் அரண்மனை மரியாதைகளை மதிக்காமல் குதிரைமேல் போனதாகவும், அரசன் காக்க வைத்தபோது பொறுமையிழந்து புறப்பட்டதாகவும், அதற்காக விலங்கிடப்பட்டதாகவும் அக்காலத்தில் கண்டியில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். தூதர் இந்த நாட்டிலேயே தங்கிப்போனார். லனெரோல் என்ற பெயருள்ள சிங்களக் குடும்பங்கள் அவருடைய வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். சிங்களவருக்கு வீட்டைக் குறிக்கும் கெ என்ற முடிவோடு வரும் பரம்பரைப் பெயர் முன்பே உண்டு. வந்த இடத்தில் கைதியான ஒருவனின் பெயர் அந்த வழக்கத்துக்குள் நுழைந்து நின்றுவிட்டது. காரணம் எளிது, அது ஆண்வழியாக வந்த பெயர். ழானின் கதையில் பெயர்கள் இப்படி நிற்கவில்லை.

1719இல் அவருக்குக் கல்யாணம். வயது 13. இன்றைக்கென்றால் எட்டாம் ஆண்டில் இருக்க வேண்டிய பிள்ளை. எம் பாட்டிமார் பலருக்கும் அந்த வயதில்தான் தாலி ஏறியது என்பதால் வாசகியருக்கு இதில் அதிசயம் இருக்காது. மாப்பிள்ளை ழாக் வேன்சான், கம்பனியின் ஆலோசனைச் சபை உறுப்பினர், வியாபாரி. அன்றிலிருந்து ஊர் அவரை மதாம் வேன்சான் என்றது. பதினொரு பிள்ளைகள் பிறந்தார்கள். சிலர் சிறுவயதிலேயே இறந்தார்கள். இந்த இருபது வருடங்களைப் பற்றி எழுதியவர்கள் ஓரிரு வரிகளோடு கடந்துபோகிறார்கள். பதினொரு பிரசவங்களை ஓரிரு வரியில் கடப்பது ஆண்களுக்கு இலேசு.

துய்ப்ளே 1731இல் வங்காளத்தில் ஊக்ளி ஆற்றங்கரையிலுள்ள சந்திரநாகூருக்குத் தலைவராகப் போனவர். சொந்தக் கப்பல் வியாபாரத்தில் பெருத்த ஆதாயம் பார்த்தார். வேன்சான் அந்த வியாபாரத்தில் கூட்டாளி. குடும்பமும் சந்திரநாகூருக்குப் போயிற்று. 1739இல் வேன்சான் இறந்தார். 33 வயதில் ழான் விதவை, கையில் பிள்ளைகள். 1741 ஏப்ரலில் துய்ப்ளே அவரை மணந்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 44 வயது, அவருக்கு அது முதல் கல்யாணம். பெண்ணுக்கு 35. எம் சமூகத்தில் இன்றும் விதவை மறுமணம் என்றால் வாய் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகப் பேசுகிறோம். அந்தக் காலத்துக் கம்பனிக் குடியிருப்புகளில் அது சர்வசாதாரணம். காய்ச்சலும் கப்பல் விபத்தும் அத்தனை பேரைக் கொண்டுபோயின.

பிரெஞ்சுப் பதிவு வழக்கத்தின் அழகு இந்த இடத்தில் தெரிகிறது. முதல் கணவன் இறந்து இரண்டாம் கல்யாணம் செய்கிற ஒரு பெண்ணை அந்த வழக்கம் எப்படி எழுதும்? அவளுடைய பிறந்த பெயர், இன்னாருடைய விதவை, இப்போது இன்னாரை மணக்கிறாள் என்று எழுதும். ஊர் வாயில் அவர் மதாம் வேன்சானாக இருந்து மதாம் துய்ப்ளே ஆனார். ஏட்டில் ழான் அல்பேராகவே இருந்தார். இடாப்புகளோடு மல்லுக்கட்டிய எமக்கு இதைப் படித்தபோது பொறாமை வந்தது என்பதை ஒளிப்பானேன்.

1742இன் தொடக்கத்தில் துய்ப்ளே புதுச்சேரியின் ஆளுநரானார். ழான் பிறந்த ஊருக்கே ஆளுநர் மனைவியாகத் திரும்பினார். சத்திர வைத்தியர் மகள், கலப்பு இரத்தத்தவள் என்று ஒரு காலம் பார்த்தவர்கள் இப்போது அவருக்கு முன் எழுந்து நின்றார்கள். அவரிடம் இருந்து கணவனிடம் இல்லாத ஒன்று மொழி. துய்ப்ளேக்குத் தமிழ் வராது, துபாஷிகளை நம்ப வேண்டும். ழானுக்குத் தமிழும் வரும், கரையோரம் முழுவதும் வியாபார மொழியாக இருந்த போர்த்துக்கேயமும் வரும். வேலைக்காரர், தரகர், சிப்பாய்கள், ஒற்றர் எல்லோரும் அவரிடம் நேராகப் பேசலாம். ஆங்கிலேயரோடு யுத்தம் மூண்டு 1746 செப்டெம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் அவர் தனக்கென்று ஒற்றர் கூட்டமொன்றை வைத்து நடத்தினார். ஒரு மகளைச் சென்னையிலிருந்த பார்னவால் என்ற வணிகருக்குக் கட்டிக்கொடுத்திருந்ததால் அங்கிருந்தும் செய்தி வந்தது. சகோதரியின் கணவர் தோத்தேய் பிரெஞ்சுப் படையை நடத்தினார். இன்னொரு மருமகன் தெப்ரெமெனில் சென்னையைப் பிடித்த பின் அதன் பொறுப்பில் வைக்கப்பட்டார். பெண்கள் கட்டிப்போன வீடுகள் எல்லாம் வெவ்வேறு குடும்பப்பெயர் கொண்டவை. மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் போலத் தெரிவார்கள். பிறந்த பெயரைப் பிடித்துப் போனால் அத்தனை பேரும் ஒரு தாயின் முற்றத்தில் வந்து நிற்கிறார்கள்.

இந்தக் காலத்து ழானை நாம் அறிவது பெரும்பாலும் ஒரே ஒருவரின் எழுத்தால். ஆனந்தரங்கம் பிள்ளை, பெரம்பூரில் 1709இல் பிறந்து புதுச்சேரியில் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர். 1736 முதல் 1761இல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அந்தக் கையெழுத்துப் படிகள் 1846இல் அறிஞர்களின் கண்ணில் பட்டன. ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தன, தமிழிலும் அச்சாகின. அதில் மதாம் வரும் இடங்களில் பிள்ளையின் பேனா காய்கிறது. அதிகாரத்தில் தலையிடுகிறார், பணம் வாங்குகிறார், தன் ஆட்களைப் பதவியில் புகுத்தப் பார்க்கிறார், கணவனின் காதைக் கடிக்கிறார் என்று பக்கம் பக்கமாகக் குறை. 1746இல் கனகராய முதலியார் இறந்து தலைமைத் துபாஷி இடம் காலியானபோது எத்தனையோ பேர் அதற்கு முயன்றார்கள். பிள்ளைக்கும் மதாமுக்கும் இடையிலான கசப்பில் அந்தப் போட்டிக்கும் பங்குண்டு. ஆகவே அவர் எழுதியதை அப்படியே விழுங்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. துய்ப்ளே செய்தால் ராஜதந்திரம் என்று எழுதுகிற பேனா மதாம் செய்தால் சூழ்ச்சி என்று எழுதுகிறது. இதை எமது குழுவில் முதலில் கவனித்தவர் சரித்திரம் படிப்பித்த ஓர் ஆசிரியை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவருக்காக வாதாட நாம் தயாரில்லை. 1748 ஆகஸ்டில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பொஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். அந்த முற்றுகைக் காலத்தில், செப்டெம்பரில், ஊரின் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. சேசுசபைப் பாதிரிமாரின் கோயிலுக்கு அருகில் இருந்த அந்தச் சிவன்கோயிலை அகற்ற வேண்டும் என்பது நெடுநாள் முயற்சி. முன்பிருந்த ஆளுநர்கள் ஊர் மக்களுக்கு அஞ்சி அதைச் செய்யாமல் விட்டார்கள். மதாமின் தூண்டுதல் இதில் இருந்தது என்று பிள்ளை எழுதுகிறார். ஊராரின் துக்கத்தையும் விலகி நின்றவர்களின் கோழைத்தனத்தையும், தன்னுடையதையும் சேர்த்து, அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் நாட்குறிப்பின் கனத்த பக்கங்கள். தாயின் தாய் கும்பிட்ட தெய்வங்கள் எவையாக இருந்திருக்கும் என்று ழான் ஒருபோதும் யோசித்துப் பார்த்ததில்லையா? பரம்பரையை அறிவது ஒன்று, அதை மதிப்பது வேறொன்று. அக்டோபரில் பொஸ்கவன் முற்றுகையைக் கைவிட்டுப் போனார். கோயில் அதே இடத்தில் திரும்ப எழவில்லை. பிற்பாடு ஊரில் வேறோர் இடத்தில் கட்டப்பட்டது.

அடுத்த இரண்டு மூன்று வருடங்கள் துய்ப்ளேயின் உச்சம். 1749இல் ஆம்பூர்ச் சண்டை, 1750 டிசம்பரில் நாசிர் ஜங் கொல்லப்பட்டு முசபர் ஜங் தக்காணத்தின் சுபேதாரானது எல்லாம் பாடநூலில் இருக்கிறது, திரும்பச் சொல்லத் தேவையில்லை. நவாபுகளோடு பழகும்போது துய்ப்ளே நவாபைப் போலவே உடுத்து, தர்பார் வைத்தார். அந்த உலகத்தில் ழானுக்குக் கிடைத்த பெயர் ஜான் பேகம். பேகம் என்பது உயர்குடி முஸ்லிம் பெண்களுக்கு வழங்கும் மரியாதைச் சொல். பாரசீகத்தில் ஜான் என்றால் உயிர். ஆகவே அந்தப் பெயர் அங்கே அந்நியமாக ஒலித்திருக்காது. அவருடைய பெயர்களில் எந்த ஆணின் பெயரும் ஒட்டாமல் வந்தது இது ஒன்றுதான். அல்பேர் தகப்பனின் பெயர், வேன்சானும் துய்ப்ளேயும் கணவன்மாரின் பெயர்கள். 1752இல் பிரெஞ்சு அரசன் துய்ப்ளேக்கு மார்க்கி பட்டம் கொடுத்தபோது இவர் மார்க்கீஸ் ஆனார், அதுவும் கணவன் வழி.

பட்டம் நிலைத்தது, பதவி நிலைக்கவில்லை. யுத்தச் செலவைப் பார்த்து மிரண்ட கம்பனி 1754இல் கொதெயு என்பவரை அனுப்பித் துய்ப்ளேயை மீள அழைத்தது. அந்த அக்டோபரில் குடும்பம் கப்பலேறியது. ழானுக்கு அப்போது 48 வயது. அவருடைய வாழ்வு முழுதும் புதுச்சேரியிலும் வங்காளத்திலும் கழிந்தது. நாடு என்று சொல்லி அவரைக் கொண்டுபோன இடம் அவருடைய தகப்பனின் நாடு.

இந்த இடத்தில் நாம் வாசிப்பதை நிறுத்திவிட்டோம். எமது குழுவில் இருந்த ஓர் அக்கா, 1970களில் தன் வகுப்புத் தோழிகள் தலைமன்னாரில் கப்பலேறியதைப் பற்றிச் சொன்னார். கலவானவில் பிறந்து, கொழுந்தும் பாலும் மழையும் அட்டைக்கடியும் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளைகளுக்கு, தாத்தா விட்டுவந்த கிராமத்தின் பெயரைச் சொல்லி அதுதான் உன் நாடு என்றார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது தகப்பனின் பிறப்பை, அல்லது தகப்பன்வழிப் பாட்டனுடையதும் பூட்டனுடையதும் ஆன பிறப்பை. தாய் இங்கே பிறந்தாளா, பாட்டி இங்கே பிறந்தாளா என்று அது கேட்கவில்லை. தாயின் வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்று இந்த நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டது 2003இல்தான். இந்திய வம்சாவளியினருக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் அதே வருடம். தாயின் பெயரை எந்த ஏட்டிலும் எழுதாமல் விட்டது வெறும் மறதி என்று யாராவது சொன்னால் அந்த அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார்.

பாரிசில் ழான் இரண்டு வருடங்கள்கூட முழுதாக வாழவில்லை. கம்பனிக்காகத் தன் கைப்பணத்தைச் செலவிட்டதாகச் சொல்லித் துய்ப்ளே சுமார் 1 கோடியே 30 இலட்சம் லீவர் கேட்டு வழக்காடினார். அது இழுபட்டுக்கொண்டே போயிற்று. 1756 டிசம்பரில் ழான் இறந்தார். வயது 50. துய்ப்ளே 1758இல் மறுமணம் செய்தார். 1763இல் பணம் கைக்கு வராமலே இறந்தார். புதுச்சேரியில் அவருக்குச் சிலை உண்டு. அவர் பெயரிலிருந்த வீதி இப்போது நேரு வீதி.

ழானின் இரத்தம் எங்கே போயிற்று என்று தேடினால் சுவையான ஓரிடத்தில் போய் நிற்கிறோம். தெப்ரெமெனிலுக்கு வாழ்க்கைப்பட்ட மகளின் பிள்ளை ழான் ழாக் துவால் தெப்ரெமெனில் 1745இல் புதுச்சேரியில் பிறந்தவர். பிரான்சுக்குப் போய்ப் பாரிஸ் உயர்நீதி மன்றத்தில் பேர்பெற்ற பேச்சாளரானார். அரசனின் ஆணையை எதிர்த்துச் சிறைக்குப் போனார். புரட்சி வந்தபின் அரசனின் பக்கம் சாய்ந்தார். 1794 ஏப்ரலில் கில்லட்டினில் தலை போயிற்று. பிரெஞ்சுச் சரித்திரத்தில் அவரைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய பாட்டி தமிழ் பேசியவர் என்று தெரியும்? அவருடைய பெயரில் அல்பேரும் இல்லை, வேன்சானும் இல்லை, காஸ்த்ரோவும் இல்லை. தாயின் பிறந்த பெயரையும் அந்தத் தாயின் தாயுடைய பிறந்த பெயரையும் பதிவேடு வைத்திருந்ததால் மட்டுமே நூல் அறாமல் புதுச்சேரி வரை வருகிறது.

அவருடைய தலை விழுந்து நாலு மாதத்தில், 1794 ஆகஸ்டில், புரட்சி அரசு ஒரு சட்டம் போட்டது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கக்கூடாது. அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. எம் சகோதரிகளை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்களே, அதன் வேர் இதுதான். கணவனின் பெயரைப் பாவிப்பது பிரான்சில் வழக்கம் மட்டுமே, அது சட்டப் பெயரை மாற்றாது. 2005 முதல் பிள்ளைக்குத் தாயின் குடும்பப்பெயரையும் வைக்கலாம், இருவருடையதையும் சேர்த்தும் வைக்கலாம்.

புதுச்சேரித் தமிழருக்கு இந்தக் குடும்பப்பெயர் வழக்கம் வந்து சேர்ந்தது ழானுக்கு வெகுகாலம் பின்னர். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி அதைக் குற்றமாக எடுத்தார். பிள்ளை பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். பிறகு 1881 செப்டெம்பரில் வந்த ஆணைப்படி, விரும்பிய இந்தியர் தம் சாதி, சமய வழக்கச் சட்டங்களை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம். ஒரு நிபந்தனை, தனக்கும் சந்ததிக்குமாக ஒரு குடும்பப்பெயரைச் சொல்லிப் பதிய வேண்டும். பொன்னுத்தம்பி லாபோர்த் என்ற பெயரை எடுத்தார், அச்சொல்லுக்கு வாசல் என்று பொருள். சிலர் பிரெஞ்சுப் பெயர்களை எடுத்தார்கள், சிலர் தகப்பனின் தமிழ்ப் பெயரையே குடும்பப்பெயராக நிறுத்தினார்கள். சாதியைக் காட்டும் வால் பெயரோடு வாழ்ந்து களைத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும் என்று எம்மால் ஊகிக்க முடியும். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், இங்கே விடுகிறோம்.

பட்டியலுக்குத் திரும்புவோம். ழானின் கதையைப் படித்த பின் எமது பட்டியலின் முறையை மாற்றினோம். இந்த மலரின் பின்பகுதியில் ஒவ்வொருவரின் பெயரும் இடாப்பில் உள்ளபடி, தகப்பனின் பெயரோடு முதலில் வருகிறது. கல்யாணத்தின் பின் பாவிக்கும் பெயர் இரண்டாவது. மூன்றாவது கட்டம் தாயின் பெயருக்கு. அது எந்த இடாப்பிலும் இல்லாததால் எழுதியும் தொலைபேசியிலும் கேட்டுக் கேட்டு நிரப்பினோம். சிலர் உடனே சொன்னார்கள். சிலர் அம்மா என்றுதான் கூப்பிட்டோம், இருங்கள் பெரியம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். எழுத்துக்கூட்டல் மாறி வந்த பெயர்களைத் திருத்தாமல், எல்லா வடிவங்களையும் சாய்கோடு போட்டுச் சேர்த்திருக்கிறோம். எந்த வடிவத்தில் யார் தேடி வருவார்கள் என்று சொல்ல முடியாது.

வெறுமையாக இருக்கும் கட்டங்களைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அவற்றை நிரப்பக்கூடியவர் இதை வாசித்துக்கொண்டிருக்கும் நீங்களாக இருக்கலாம். முதல் இடாப்பின் முதல் பக்கத்தில் உள்ள லெட்சுமிகளில் இரண்டு பேரை மட்டுமே இதுவரை அடையாளம் கண்டிருக்கிறோம். உங்கள் பாட்டி கலவானப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நடந்து வந்து எம் பாடசாலையில் படித்தவர் என்றால், அவருடைய தாயின் பெயரையும் விசாரித்து எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் சேர்ப்போம்.